தோலா, ரெக்ஸினா?

செருப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, காலில் கிடப்பதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறீரே!" என்றார். எங்கள் பக்கத்து மனிதர் இப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. செருப்பைத் தலையில் வைத்துக்கொள்கிற பிரதேசம் அல்லவா இது! திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில், பெருமாளின் பாதுகைகளைப் பக்தர்கள் தலையில் சுமந்து வலம் வருகிறார்கள். பெருமாள் இரவில் மலையிறங்கித் தாயாரைப் பார்த்துவிட்டு வருகிறார், அதனால் செருப்புத் தேய்ந்து போகிறது, தேய்ந்ததற்குப் பதிலாகத் தோல் வேலை செய்கிற ஜனங்கள் புதுச் செருப்புத் தைத்துக் காணிக்கை கொடுப்பார்கள் என்று என் பாட்டி கதை சொல்வாள். அந்தச் செருப்பு ரெக்ஸினில் தைத்தது என்று அவள் சொன்னதில்லை.

காளஹஸ்தியும் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே கண்ணப்பர் என்ன செய்தார்? பூசை செய்த சிவகோசரியார் சாத்திவிட்டுப் போன பூவைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டுத் தம் தலையில் செருகி வந்த பூவைச் சாத்தினார். பிறகு தம் கண்ணைப் பெயர்த்து அப்பும்போது அடையாளத்துக்காக அதே காலை இறைவன் கண்ணருகே ஊன்றினார். அவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் தோல் செருப்பை வாசலுக்கு அப்பால் விடச் சொல்கிறோம்.

என் அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவள் ஆட்சி நடக்கிற வீட்டுக்குள் தோல் சாமான் வரமுடியாது. மணிபர்ஸ், இடுப்பு பெல்ட், கைக்கடிகார வார், எல்லாம் திண்ணையோடு சரி. தோல் என்றால் தீட்டு, செத்ததன் சம்பந்தம். ஆனால் பூசைக்கு உட்காரும்போது அவள் உடுத்துவது காஞ்சிபுரம் பட்டு. ஒரு பட்டுப் புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். கூட்டுக்குள்ளே புழு இருக்கும்போதே வெந்நீரில் போட்டால்தான் நூல் அறுபடாமல் வரும். இது எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம். இருந்தாலும் பட்டு மடி, தோல் தீட்டு. மார்கழியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிற கச்சேரியிலே மிருதங்கம் பேசுகிறதே, அந்த மிருதங்கத்தில் ஆட்டுத் தோலும் இருக்கிறது, எருமைத் தோலும் இருக்கிறது, பசுத் தோலும் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களின் வாழ்க்கையைப் பற்றிச் சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். அத்தையிடம் நான் அதைச் சொல்லவில்லை. எண்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷியின் நாத சுகத்தைக் கெடுத்து எனக்கு என்ன ஆகவேண்டும்?

அத்தையின் கட்சி பழைய கட்சி. அதோடு வாதம் செய்து பலர் ஓய்ந்துவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. அதே முடிவுக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்த ஒரு பெண்ணுக்காக.

என் அக்கா மகள் திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பள்ளிப்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருகிறாள். பஸ் இறங்கி நடக்க வேண்டும். வகுப்பில் நாள் முழுவதும் நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு செருப்பு வாங்கினாள். சரி, ஒரு நல்ல தோல் செருப்பாக வாங்கித் தருவோம் என்று கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார்.

"மாமா, இது மாட்டுத் தோலா?"

"ஆமாம்மா."

"எனக்கு வேண்டாம் மாமா. ஒரு உசிரை உரிச்சுக் காலில் மாட்டிக்க என்னால ஆகாது."

அவள் எங்கேயோ செல்போனில் ஒரு கசாப்புக்கூடத்துப் படம் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். கண்ணில் நீர் தளும்ப இதைச் சொன்னாள். வேஷம் இல்லை. கடைக்காரரும் சாமர்த்தியசாலி. உடனே இன்னொரு ஜோடியை எடுத்து, "இது வீகன் லெதர், மேடம்" என்றார். என் சிறுவயதில் அதற்கு ரெக்ஸின் என்று பெயர். ரெக்ஸின் என்பது ஓர் இங்கிலீஷ் கம்பெனியின் வியாபாரப் பெயர். துணியின் மேல் ரசாயனப் பூச்சுப் பூசி அவர்கள் விற்றார்கள். நாம் பஸ் சீட்டு முதல் ஸ்கூல் பை வரை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். இப்போது பூச்சு மாறியிருக்கிறது. பி.வி.சி. என்கிறார்கள், பி.யு. என்கிறார்கள். பெயருக்கும் ஓர் உயர்ந்த பூச்சு வந்துவிட்டது.

அத்தை தீட்டு என்று தோலை வேண்டாம் என்கிறாள். இந்தப் பெண் பாவம் என்று வேண்டாம் என்கிறாள். இரண்டு பேர் காலிலும் ஒரே ரெக்ஸின். இதுதான் என்னை யோசிக்க வைத்தது. பழைய தீட்டுத்தான் ஜீவகாருண்யம் என்று புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? அப்படிச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்தவனாவேன். அவள் அழுதது மாட்டுக்காக. அத்தை மாட்டுக்காக ஒரு நாளும் அழுததில்லை. ஆனாலும் இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற சாவைக் காலிலிருந்து கழற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் அது.

கணக்கு அங்கே தீர்வதில்லை என்பது என் கட்சி.

மாட்டைத் தோலுக்காக மட்டும் வளர்க்கிறவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை. பாலுக்கு வளர்க்கிறோம், முன்பு உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்தோம். காலையில் நாம் குடிக்கிற காபிக்கு ஒரு பசு கன்று போட்டிருக்க வேண்டும். போட்டது காளைக்கன்றாக இருந்தால்? டிராக்டர் வந்த ஊரில் அதற்கு வேலை இல்லை. பசுவுக்கும் பால் வற்றுகிற வயது வருகிறது. அப்போது ஒரு வியாபாரி வருகிறார், விலை பேசுகிறார், கயிற்றை மாற்றிக் கட்டுகிறார். மாடு சந்தைக்குப் போகிறது. சந்தையிலிருந்து எங்கே போகிறது என்று விற்றவர் கேட்பதில்லை, கேட்டால் விற்கமுடியாது. எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது, அன்றிலிருந்து தமிழ்நாடு. நான் எல்லை தாண்டிப் போய் இன்டர் படித்தவன். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டேன், கிழ மாட்டுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே வழிதான்.

ஆகவே பாலைக் குடித்துக்கொண்டே தோலை மட்டும் வேண்டாம் என்பதில் மாட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. தோலை நாம் வாங்காவிட்டால் மாடு பிழைக்கப் போவதில்லை. தோல் புதைகுழிக்குப் போகும், அவ்வளவுதான். விற்றவர் கைக்குத் தோலின் விலையும் சேர்ந்துதானே வருகிறது என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் அது சிறு பங்கு. மாட்டின் ஆயுளை நிர்ணயிப்பது பால்தான்.

இதை என் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கையில் காபி டம்ளரோடு, அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்க சொல்றது சரி மாமா" என்றாள். அன்றைக்கே பாலை நிறுத்திவிட்டாள். தயிர் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை. பட்டுப் புடவையையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். கலியாணத்துக்கு வரன் பார்க்கிற வீட்டில் இது சாதாரண விஷயமா? அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. "நீ எழுதுகிறதைக் கதையோடு வைத்துக்கொள்" என்று சொல்லியனுப்பினாள்.

நான் அந்தப் பெண்ணுக்குத் தலை வணங்குகிறேன். கொள்கையை வயிறு வரைக்கும் கொண்டுபோகிறவர் அபூர்வம். அவள் தோலை வேண்டாம் என்றால் அதற்கு அவளுக்குப் பாத்தியதை உண்டு. இந்தக் கட்டுரை இனிமேல் அவளைப் பற்றியது அல்ல. காபி குடிக்கிற என்னையும் உங்களையும் பற்றியது. அவளுக்கும் எனக்கும் பாக்கி இருப்பது ஒரே ஒரு தகராறு: அவள் காலில் இருக்கிற ரெக்ஸின் ஒரு பாவமும் அறியாததா என்பது.

முதலில் தோலின் பாவத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சோளிங்கர் வழியாகப் போனால் எங்களுக்கு ராணிப்பேட்டை கிட்டத்தில்தான். அங்கிருந்து பாலாற்றோடு மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. தோலுக்குப் பேர்போன ஊர்கள். பழைய நாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்ற பெயரில் அது சீமைக்குக் கப்பலேறியது. பிறகு குரோம் உப்பு வந்தது. வாரக்கணக்கில் ஆனது ஒரு நாளில் ஆயிற்று. தோல் மெத்தென்று வந்தது, எந்த வர்ணமும் ஏறியது. பெண்கள் செருப்புக்கு அதுதான் தோது. ஆனால் கழுவின தண்ணீர் எங்கே போவது? பாலாற்றுக்குப் போயிற்று, கிணறுகளுக்குப் போயிற்று. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நியாயம் நம் நாட்டுச் சட்டத்தில் கால் ஊன்றியது அங்கேதான். கால் ஊன்றியதே தவிர நடக்கவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே பாலாற்றைப் பற்றி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி, அதே கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன்னே, ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்துத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கின பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

மாட்டின் சாவைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். அந்தப் பத்துப் பேரை எந்தச் செருப்புக் கடையிலும் யாரும் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி ரெக்ஸின். அது எங்கே பிறந்தது என்று கேட்டால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கசாப்புக்கூடம் இல்லை, ரத்தம் இல்லை, நாற்றம் இல்லை. பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயிலிருந்து வருகிறது என்றால் பரம சாதுவாக இருக்கிறது. ஆனால் 1974-இல் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில், பி.வி.சி. தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் சிலருக்கு ஈரலில் ஓர் அபூர்வமான புற்றுநோய் வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தயாரிக்க உதவும் வாயுவே காரணம் என்று தெரிந்தது. பி.யு. பூச்சைத் துணியில் ஏற்றப் பயன்படுகிற கரைப்பானும் வேலை செய்கிறவர் ஈரலுக்குக் கேடு. ஆக இங்கும் ஓர் உடம்பு உரிபடுகிறது. அது மாட்டுடம்பு அல்ல, அதனால் நமக்குக் கண்ணீர் வரவில்லை.

பிறந்த கதை இது. போய்ச்சேரும் கதை இன்னும் மோசம். பி.யு.வுக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள ஈரமே போதும். உள்ளே கட்டு விட்டுப்போய்ச் செதில் செதிலாக உரியும். 'கலியாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்' என்று பெட்டியில் பத்திரமாக வைத்த ஜோடு, எடுக்கும்போது கையோடு உதிர்ந்து வருவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். போடாத செருப்புக்கே அந்தக் கதி. அமெரிக்காவில் டூபான் கம்பெனி 1964-இல் 'கார்ஃபம்' என்று ஒரு செயற்கைத் தோலை ஆர்ப்பாட்டமாகக் கடைக்குக் கொண்டு வந்தது. அது தேயாது, மெருகு போகாது. ஆனால் காலுக்குத் தக்கபடி இளகியும் கொடுக்காது. தோல் செருப்பு முதலில் கடித்தாலும் பத்து நாளில் நம் காலைத் தெரிந்துகொள்கிறது. கார்ஃபம் கடைசி வரை தெரிந்துகொள்ளவில்லை. 1971-இல் கம்பெனி பெருநஷ்டத்தோடு அதைக் கைவிட்டது. இப்போது வருகிற சரக்குக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. காலைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே குப்பைக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊரில் குப்பை என்றால் கொசஸ்தலை ஆற்றங்கரை. ஆந்திரத்து அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட்டால் வெள்ளம் வரும். வந்து வடிந்த பிறகு கரையோர முட்புதர்களில் பாருங்கள், ஒற்றை ஒற்றையாகப் பெண்கள் செருப்பு தொங்கும். வெள்ளம் வராத மாதங்களில் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை கிளம்பினால் கீழ்க்காற்றில் உள்ள தெரு கதவைச் சாத்திக்கொள்ளும்.

பெண்கள் செருப்பு என்று ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைக்குக் கடையில் நான் இன்னொன்றும் கவனித்தேன். ஆண்களுக்கான அலமாரியில் தோல் இருந்தது, தடித்த அடி இருந்தது, தேய்ந்தால் மாற்றித் தைக்கக்கூடிய வேலை இருந்தது. பெண்களுக்கான அலமாரி நாலு மடங்கு பெரியது. அதில் மணி இருந்தது, ஜிகினா இருந்தது, முப்பது வர்ணம் இருந்தது; நாலு மைல் நடக்கக்கூடிய செருப்பு நாலு ஜோடி இல்லை. "லேடீஸுக்கு லெதர் போகாது சார். புடவை கலருக்கு மேட்ச் கேப்பாங்க" என்றார் கடைக்காரர். பெண் நடக்கப் போவதில்லை, நிற்கப் போவதில்லை, பிறர் பார்க்க எங்காவது உட்காரப் போகிறாள் என்ற அனுமானத்தில் தைத்த சரக்கு அது. ஆனால் திருத்தணி பஸ்ஸில் காலையில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆசிரியைகள், நர்ஸுகள், கடைக்கு வேலைக்குப் போகிற பெண்கள். தறிக்காரர் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். இவர்களுக்குத்தான் இரண்டு மாதத்துக்கு ஒரு செருப்பு. மலிவு என்று வாங்கி வாங்கி, வருஷக் கணக்குப் பார்த்தால் ஆண்பிள்ளையின் தோல் செருப்பைவிட அதிகம் செலவழிக்கிறார்கள்.

இதிலே ஒரு விசித்திரம், ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சீமைக்குப் போகிற தோல் ஜோடுகளைத் தைக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. தொழிற்சாலைக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேல்தோலை ஊசியால் கோத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள், ஜோடிக்கு இத்தனை என்று சொற்பக் கூலிக்கு. ஒரு தடவை அங்கே போயிருந்தபோது சாயங்காலம் ஆலை விட்டுப் பெண்கள் கூட்டமாக வெளியே வருவதைப் பார்த்தேன். என்னையறியாமல் கண் அவர்கள் காலுக்குப் போயிற்று. ரப்பர், பிளாஸ்டிக். தாங்கள் தைத்ததை வாங்கக் கட்டுப்படியாகாது.

"அப்படியானால் நீர் என்னதான் சொல்கிறீர்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கதாசிரியன் என்ற பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பேசிவிட்டு நழுவ நான் விரும்பவில்லை. பாலும் தயிரும் உண்கிற வீட்டில் தோலே சரி என்று நான் நினைக்கிறேன். கொன்றது கொன்றதுதான்; அந்தக் கடனை ஒப்புக்கொண்டு, வாங்கினதை ஐந்து வருஷம் போட்டு, இரண்டு தடவை அடி மாற்றித் தைத்து, கந்தலாகும் வரைக்கும் உழைக்க வைப்பது அந்த மாட்டுக்குக் காட்டுகிற குறைந்தபட்ச மரியாதை. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் இன்றைக்கும் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் எடுத்து வைப்பார். பாலை விட்டவளுக்கு வேறு நியாயம். அவளுக்கும் நான் சொல்வது ஒன்றுண்டு: துணியிலும் ரப்பரிலும் தைத்தது தேடிப்பார், கிடைத்ததைக் கிழியும் வரை போடு, 'வீகன்' என்று முத்திரை போட்டதாலே அதில் யாரும் சாகவில்லை என்று நம்பிவிடாதே.

காந்தியும் இந்தச் சங்கடத்தில் அகப்பட்டவர்தான். தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதை எத்தனையோ கோடைகாலம் போட்டுவிட்டு, இவ்வளவு பெரிய மனிதர் தைத்ததைப் போடத் தமக்கு யோக்கியதை இல்லை என்று 1939-இல் திருப்பி அனுப்பினார். இந்தியாவுக்கு வந்தபின் காந்தி ஒரு வழி கண்டார். கொன்ற மாட்டின் தோல் வேண்டாம், தானாகச் செத்த மாட்டின் தோலைப் பதனிட்டுச் செருப்புச் செய்வோம் என்றார். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஆனால் செத்த மாட்டை உரிக்கப் போவது யார்? அம்பேத்கர் தம் ஜனங்களைப் பார்த்து, செத்த மாட்டைத் தூக்கப் போகாதீர்கள் என்றார். 2016 ஜூலையில் குஜராத்தில் ஊனா பக்கத்துக் கிராமத்தில் செத்த பசுவைத்தான் உரித்துக்கொண்டிருந்தார்கள் தலித் இளைஞர்கள். காந்தி சொன்ன அகிம்சைத் தோல் வேறு என்ன? அவர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். தோலின் பாவமெல்லாம் மாட்டைச் சேர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் நாம் யோக்கியர்கள் அல்ல. மற்றவர்களுக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்த ஜனங்கள், ஊர்த் தெருவில் நடக்கும்போது தங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று வைத்திருந்தோம். எத்தனையோ கிராமங்களில் இதைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

அதனால்தான் 'ரெக்ஸின் வந்து சக்கிலியர் பிழைப்பைக் கெடுத்துவிட்டது, தோலையே வாங்குங்கள்' என்று ஒரு வாதத்தை நான் இதுவரை வைக்கவில்லை. வைத்தால் கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் நம் மனச்சாட்சி சுகப்படுவதற்காக ஒருவர் தலைமுறை தலைமுறையாக பஸ் ஸ்டாண்டுக் குடைக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

எங்கள் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, வாடிக்கைக்காரரிடம் தமிழ். அக்கா மகளின் அறுந்த செருப்புகளை நான்தான் அவரிடம் எடுத்துப் போவேன். ரெக்ஸினைக் கையில் வாங்கி விரலால் நீவிப் பார்ப்பார். "இதுல ஊசி நிக்காது சார். தச்ச இடத்திலேயே கிழியும். பசை போட்டுத் தரேன், எத்தனை நாள் இருக்குமோ அத்தனை நாள்" என்பார். தோல் செருப்பு ஒன்று வந்தால் அவர் உட்காரும் தோரணையே மாறிவிடும். குத்தூசி இறங்குகிற சத்தமே வேறு.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன்: "ஏன் அண்ணே, எல்லாரும் தோலை வேண்டாங்கறாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் சிரித்தார். "எல்லாரையும் விடுங்க சார். என் பொண்ணே வேண்டாம்னுட்டா." மகள் சித்தூரில் நர்ஸுப் படிப்புப் படிக்கிறாள். கடன் வாங்கிச் சேர்த்திருக்கிறார். காலேஜில் சேருகிற அன்று போட்டுக்கொள்ள, நல்ல தோலாகப் பார்த்து வாங்கி, ராத்திரி உட்கார்ந்து தம் கையால் ஒரு ஜோடி தைத்தாராம். அவள் வாங்கிப் பார்த்தாள்; அழகாக இருக்கிறது என்றும் சொன்னாள். போட்டுக்கொண்டு போகவில்லை. இது எந்தக் கடையில் வாங்கியது என்று கூடப் படிக்கிற பெண்கள் கேட்பார்களே, என்ன சொல்வது என்றாளாம்.

தீட்டு என்று ஒருத்தி, பாவம் என்று ஒருத்தி, இவள் மூன்றாவது. மற்ற இரண்டு பேரிடமும் வாதாட எனக்கு விஷயம் இருந்தது. இவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கப் போகிறவர்கள் என் அத்தையின் பேத்திமார்கள்தானே?

"அப்போ என்னதான் போட்டுக்கிட்டுப் போறா?" என்று கேட்டேன்.

"வெள்ளை கேன்வாஸ் ஷூ சார். காலேஜிலேயே அதுதான் போடணும்னு சொல்லிட்டாங்களாம், அவளுக்கு நல்லதாப் போச்சு" என்றார். "மூணே மாசத்துல வாய் பொளந்துக்கிச்சு. லீவுக்கு வந்தப்ப நான்தான் ஒட்டிக் குடுத்தேன்."

ஒட்டின இடம் தெரியாதபடி ஒட்டினாராம்; அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.